சிறுகுறிஞ்சான் வேர் விடாத கோடை

இன்று காலை காப்பி வாயில் மண்ணாக இறங்கியது. மருமகள் அடுப்படியில் இல்லாத நேரம் பார்த்து அரைக் கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்ட காப்பி. திருட்டுத்தனமாகப் போட்டும் இனிப்பு துளிகூடத் தெரியவில்லை. கொஞ்சம் முன்னால்தான் அவள் கொடுத்த பச்சைப் பொடியை வெறும் வயிற்றில் சாப்பிட்டிருந்தேன். எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது, தெரியுமா? நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம் அது. கண்ணாடியைத் தேடி எடுத்து மேலே எழுதியிருப்பதைப் படிக்கும் முன்பே நாக்கு கண்டுபிடித்துவிட்டது. சிறுகுறிஞ்சான்.

டம்ளரைக் கீழே வைத்தேன். நீ போய் நாற்பது நாளாகிறது. அதுவரை அழாதவள் ஒரு காப்பிக்கு அழுதேன்.

நன்மங்கலம் புதர்க்காட்டுக்கு நாம் முதன்முதலாகப் போன நாள். முள்மரத்தில் ஏறியிருந்த கொடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி என் வாயில் திணித்தாய். "நல்லா மெல்லு. துப்பிடாத." பிறகு உன் கைப்பையிலிருந்து ஒரு தேன்மிட்டாய் வந்தது. "இப்போ இதைச் சாப்பிடு. என்ன தெரியுது?"

"மெழுகுவத்தியைக் கடிக்கிற மாதிரி இருக்கு."

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "இதுக்கு சர்க்கரைக்கொல்லின்னே ஒரு பேர் இருக்குப்பா. இதைத்தான் நான் காத்துல வேர் விட வைக்கப் போறேன்."

எண்பதுகள் முடிகிற காலம் அது. தாம்பரத்தில் நம் கல்லூரியின் தாவரவியல் துறையில் நீ விரிவுரையாளர். பாடம் நடத்திக்கொண்டே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாய். நான் அங்கே டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்களுக்குக் கரைசல் கலந்து வைப்பதும் மைக்ராஸ்கோப்பைத் துடைத்து வைப்பதும் என் வேலை. ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பித்தால்தான் உண்டு. பதவியில் நீ ஒரு படி மேலே என்றாலும் வயது இருவருக்கும் ஒன்றுதான். நீ குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வருவாய், நான் சேலையூரிலிருந்து நடந்து வருவேன். மத்தியானம் உன் புளியோதரைக்கும் என் மீன் குழம்புக்கும் நடுவில் ஒரு செய்தித்தாள் மட்டும் விரிந்திருக்கும். அதுவும் பாதி நாள் இருக்காது.

சிறுகுறிஞ்சானை மருந்துக்கென்று வேரோடு பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், சில வருடத்தில் இந்தப் பக்கம் ஒரு கொடிகூட இருக்காது என்பது உன் கவலை. விதையிலிருந்து வளர்ப்பது கஷ்டம். தண்டை வெட்டி மண்ணில் நட்டால் பாதி அழுகும், மீதி வேர் விட மாதக்கணக்காகும். ஏரோபோனிக்ஸ் என்று எங்கோ படித்துவிட்டு வந்தாய். மண்ணே கிடையாது. இருட்டுப் பெட்டிக்குள் தண்டுகள் அந்தரத்தில் தொங்கும். அடியிலிருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை பனி மாதிரி தண்ணீர் பீய்ச்சும். வேர் காற்றிலேயே வளரும். துறைத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். நீ புதுப்பேட்டைக்குப் போய், கார் கண்ணாடியில் தண்ணீர் அடிக்கும் பழைய மோட்டார் ஒன்றை வாங்கி வந்தாய். பிளைவுட் பெட்டி, உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் தாள், மேலே துளை போட்ட தெர்மாகோல் மூடி, பூச்சிமருந்து அடிக்கும் தெளிப்பானின் மூக்குகள் நான்கு, பக்கத்தில் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி. மோட்டாரை நிறுத்தி நிறுத்தி ஓட்ட இயற்பியல் துறையில் யாரையோ கெஞ்சி ஒரு டைமர் செய்து வாங்கினாய். முதல் தடவை அது புஸ்ஸென்று அடித்தபோது துறையே வந்து எட்டிப் பார்த்தது.

எல்லாம் சரியாக அமைந்த அந்த வாரத்தில்தான் உன் கணவருக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. ஜூன் பத்தாம் தேதிக்கு உங்கள் குடும்பத்தில் நான்கு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார். "படிச்ச வரைக்கும் போதும்மான்னு மாமனார் சொல்லிட்டாரு" என்று என்னிடம் சொன்னபோது நீ அழவில்லை. நாட்காட்டியைக் கழற்றி மேஜைமேல் வைத்துத் தாள்களை எண்ணினாய். "இவர் மட்டும், ஜூனுக்குள்ள முடிச்சுக்கோன்னாரு. முடிப்பேன்பா. ஒரு தடவை ஒழுங்கா வேர் விட்டுட்டா போதும். மத்ததை எங்கேர்ந்து வேணும்னாலும் எழுதிடுவேன்."

ஏப்ரல் முதல் வாரம் அறுபது தண்டுகளை வெட்டி வந்தோம். வேர் தூண்டும் ஹார்மோன் கரைசலில் அடிப்பக்கத்தை ஒரு மணி நேரம் ஊற வைக்கும் வேலை என்னுடையது. கரைசலை முதலில் கெட்டியாகச் செய்து, அதில் கொஞ்சம் எடுத்துப் பத்து மடங்காகத் தண்ணீர் கலந்துகொள்ள வேண்டும். முந்தின நாளே இரண்டையும் தயார் செய்து, ஒரே மாதிரி இரண்டு குடுவைகளில் பஞ்சடைத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். ஊற வைத்த அன்று கரண்ட் போகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் தண்டுகளைப் பெட்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று நீ பறந்தாய். நானும் பறந்தேன்.

பத்தாம் நாள் மூடியைத் தூக்கினாய். தண்டுகளின் அடியில் கடுகு ஒட்டினாற்போல் சுற்றிலும் வெள்ளைப் புள்ளிகள். "வந்துடுச்சு" என்று என் தோளில் அடித்தாய். நாமே போய் டீ வாங்கி எல்லோருக்கும் கொடுத்தோம். ஆனால் பதின்மூன்றாம் நாளும் கடுகு கடுகாகவே இருந்தது. பதினைந்தாம் நாள் நுனிகள் பழுப்பாகிவிட்டன. வேர் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நீ தூங்கினாயா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு காலையும் ஒரு சந்தேகத்தோடு ரயிலிலிருந்து இறங்கினாய். முதலில் தெளிப்பானைச் சந்தேகப்பட்டாய். தாம்பரத்துக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு மூக்குகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது. கழற்றி வினிகரில் ஊறப் போட்டோம். தண்ணீரையே மாற்றி வடித்த நீர் ஊற்றினோம். பிறகு வெளிச்சம்: மூடித் துளைகளின் இடுக்கில் ஒளி போகிறது என்று கறுப்புத் துணி சுற்றினோம். பிறகு நேரம்: அதிகமாக நனைகிறதோ என்று இடைவெளியைக் கூட்டினாய், மறுநாள், காய்கிறதோ என்று குறைத்தாய். இலைகளைப் பாதியாக நறுக்கினோம். தினமும் காலை ஒன்பது மணிக்குத் தொட்டியின் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்த்து நோட்டில் எழுதினாய். அதில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு ஒரு நாள் காத்திருந்தாய். காத்திருக்கும்போது நகத்தைக் கடித்துக் கடித்துக் கட்டைவிரலில் ரத்தம் வந்திருந்தது.

இதற்கிடையில்தான் கன்னியப்பன் அந்த பாட்டிலைக் கொண்டுவந்தார். துறையின் அட்டெண்டர், பெருங்களத்தூர்க்காரர், ஐம்பது வயசுக்கு மேல். பன்னிரண்டு வருடமாகத் தினக்கூலி. அந்த ஜூனில் நிரந்தரமாகும் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நீ நறுக்கிப் போட்ட மீதித் தண்டு ஒன்றைப் பழைய மருந்து பாட்டிலில் போட்டு, குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிழலில் வைத்திருக்கிறார். விரல் நீளத்துக்கு வெள்ளை வேர்.

"யம்மா, என் பாட்டில்ல எப்டி வேர் வுட்டுகினு கீது பாரு. நீ இன்னாவோ மிஷின்லாம் வச்சிகினு கஸ்டப்படுற."

அவர் விளையாட்டாகச் சொன்னார். உன் முகம் சிவந்துவிட்டது. "போய் உங்க வேலையைப் பாருங்க" என்றாய். அவர் பாட்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அது மனசில் ஏதோ செய்தது. அந்தத் தண்டு தண்ணீரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஹார்மோன் படாத தண்டு. வெள்ளிக்கிழமை நீ வகுப்புக்குப் போனதும் ஃபிரிட்ஜைத் திறந்தேன். மேல்தட்டின் கடைசியில், ஒரு ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பின்னால், என் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய குடுவை நின்றது. தண்ணீர் கலந்த கரைசல். கழுத்து வரை நிறைந்திருந்தது. பஞ்சு வைத்தது வைத்தபடி இருந்தது.

நான் ஊற வைத்தது கெட்டிக் கரைசலில். பத்து மடங்கு. அந்த அளவு ஹார்மோன் பட்டால் வேர் நிறையக் கிளம்பும், ஆனால் நீளாது; பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. உனக்கும் தெரிந்ததுதான். கரைசல் சரியாகத்தான் இருக்கும் என்று நீ நம்பியதால் அந்தப் பக்கமே போகவில்லை. அதைக் கலந்தது நான் என்பதால்.

குடுவையை மறுபடி ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அதை நான் செய்தேன். சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் நீ தலைவலி என்று சீக்கிரம் கிளம்பிவிட்டாய். சரி, திங்கள் சொல்லலாம். ஜூனில் என் வேலையைப் புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போடுகிற துறைத் தலைவர் நினைவுக்கு வந்தார். அதைவிட, நீ என்னைப் பார்க்கப்போகிற பார்வை வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாவ அறிக்கை ஜெபத்தை எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகச் சொன்னேன். உதடு மட்டும்தான் சொன்னது.

திங்கட்கிழமை நாம் உள்ளே நுழைந்தபோது பெட்டியில் சத்தமே இல்லை. மோட்டார் நின்றிருந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே எல்லாம் காய்ந்து சுருண்டு கிடந்தது. சனி, ஞாயிறு வந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கன்னியப்பனுடையது.

"நேத்து வந்து பாத்தேம்மா. ஓடிகினுதான் இருந்துச்சு. சத்தியமா."

"ஓடினா எப்படி இப்படிக் காயும்? ரெண்டு நாளா யாரும் தொடவே இல்லை. அன்னிக்கு நான் திட்டினதுக்கா இப்படிப் பண்ணீங்க?"

"இன்னாம்மா இப்டிப் பேசுற? எனுக்கு இன்னா, உம்மேல கோவமா?"

உண்மையைச் சொல்கிறேன். இவ்வளவு வருடத்தில் இதை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை. மோட்டார் நின்றுவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தண்டுகள் செத்ததற்கு வேறொரு காரணம் கிடைத்துவிட்டது. இனி யாரும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் ஒரு மனிதர் பழி சுமந்து நிற்கிறார், நான் உள்ளுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை மத்தியானம் கரண்ட் இல்லாத நேரம். ஆய்வுக்கூடத்தில் வியர்வை முழங்கையிலிருந்து சொட்டியது. நீ ஒரு தாளை முடித்து, என் பக்கம் திருப்பி வைத்தாய். துறைத் தலைவருக்கு எழுதிய புகார். கவனக்குறைவு, வேண்டுமென்றே செய்த சேதம், ஓராண்டு உழைப்பு வீண். அந்தத் தாள் போனால் பட்டியலிலிருந்து அவர் பெயர் போய்விடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நீயும் கையெழுத்துப் போடு கிரேஸ். நீதான் சாட்சி."

பேனாவை வாங்கினேன். மூடியைக் கழற்றினேன். என் பெயரின் முதல் எழுத்துக்கு நிப்பைத் தாளில் வைத்தேன், அது அங்கேயே புள்ளியாக ஊறியது. ஜன்னலுக்கு வெளியே கன்னியப்பன் குழாயடியில் குந்தி உட்கார்ந்து தொட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து, குடுவையை எடுத்துவந்து உன் புகார்மேல் வைத்தேன். அதன் அடியிலிருந்த ஈரம் மையைக் கலைத்தது.

நீ சீட்டைப் படித்தாய். பஞ்சைப் பார்த்தாய். கழுத்து வரை நிறைந்திருந்ததைப் பார்த்தாய்.

"எப்போ தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னிக்குப் புதன்."

"ஆமா."

நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். உன் குரல் தாழ்ந்துதான் வந்தது. "குடுவை மாறினதுக்கு இல்லப்பா. அது யாருக்கும் நடக்கும். எனக்கு இருந்ததே ஐம்பது நாள். அதுல ஆறு நாளை நீ எடுத்துக்கிட்டே. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அந்த ஆளோட வேலையையும் எடுத்திருப்போம். ரெண்டு பேரும் சேர்ந்து."

தாளை நான்காகக் கிழித்தாய். எழுந்து வெளியே போனாய். குழாயடியில் அவர் எழுந்து நிற்பதும் நீ ஏதோ சொல்வதும் அவர் ஈரக்கையை லுங்கியில் துடைப்பதும் ஜன்னல் வழியே தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. பிறகு அவரே என்னிடம் சொன்னார். "அம்மா வந்து ஸாரின்னு சொல்ச்சு. எனுக்கு ஒரே பேஜாராப் பூட்ச்சு. நம்மகிட்ட போயி இன்னாத்துக்கு ஸாரி?" அன்று மாலை அவர்தான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் காட்டினார். கம்பி எரிந்து போயிருந்தது. ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு மின்சாரம் ஏறி இறங்கியதில் எரிந்திருக்க வேண்டும். அவர் பார்த்தபோது ஓடிக்கொண்டிருந்தது உண்மைதான்.

மே முதல் வாரம் மறுபடி நன்மங்கலம் போனோம், கன்னியப்பனையும் கூட்டிக்கொண்டு. விடியற்காலை முதல் பஸ். நீ என்னோடு பேசினாய், ஆனால் வேலைக்கு வேண்டியதை மட்டும். "கத்தி." "ஈரத்துணி." "எண்ணு." மத்தியானம் செய்தித்தாள் விரித்துச் சாப்பிட்டாய், தனியாக. ஊற வைக்கும்போது நீயும் மேஜைக்கு எதிரில் வந்து நின்றாய். ஒரு மணி நேரமும் இருவரும் குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றோம். என்னை நம்பாமல் நிற்கிறாயா, துணைக்கு நிற்கிறாயா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கரைசல் சரி. தண்ணீர் சரி. ஃபியூஸ் புதுசு. ஆனாலும் பத்தாம் நாள் வந்தது அதே கடுகு. பன்னிரண்டாம் நாளும் அதே கடுகு. நாட்காட்டியில் இருபத்தைந்து தாள்கூட இல்லை. நீ பெட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாய். நான் சுவரோரம் நின்றேன். இப்போது என் தப்பு எதுவும் இல்லாமலே வேர் வரவில்லை. அதில் எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இரண்டு மணி இருக்கும். தொட்டியில் தண்ணீர் நிரப்ப வந்த கன்னியப்பன் கையை உள்ளே விட்டுவிட்டு வெளியே எடுத்தார்.

"காலைல ஜில்லுனு இருந்துச்சு. இப்ப தொட்டா டீ மாறி கீது."

நீ ஸ்டூலிலிருந்து எழுந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. தெர்மாமீட்டரை எடுத்துத் தொட்டியில் போட்டாய். பாதரசம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நீ அதை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட்டாய். மறுபடியும் அதே இடம். மேற்கு ஜன்னல் வெயில் நேராகத் தொட்டிமேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு மட்டும் பார்த்திருக்கிறோம். மத்தியானம் ஒருநாளும் பார்க்கவில்லை. வெந்நீரில் வேருக்கு வேண்டிய காற்று தங்காது. அதைத்தான் நாம் சில நிமிடத்துக்கு ஒருமுறை வேரின்மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தோம்.

"கிரேஸ்," என்றாய். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு முதன்முதலாக என் பெயர். "முதல் பெட்டியில ரெண்டு தப்பு இருந்திருக்கு. ஒன்னு உன்னோடது. ஒன்னு என்னோடது. உன்னோடதை நீ ஆறு நாள் வச்சிருந்தே. என்னோடதை நான் ஒரு மாசம் பார்க்கவே இல்லை."

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. நீயும் அப்படிச் சொல்லவில்லை.

அன்றே கன்னியப்பன் இரண்டு பெரிய மண்பானைகளைத் தலையிலும் இடுப்பிலுமாகக் கொண்டுவந்து இறக்கினார். பிளாஸ்டிக் தொட்டியை எடுத்துவிட்டு, கிழக்குச் சுவரோரம் செங்கல் அடுக்கி மணல் கொட்டி, கழுத்து வரை பானைகளைப் புதைத்தோம். மேலே ஈரச் சாக்கு. மணலுக்கு மணிக்கொரு தரம் தண்ணீர் தெளிக்க முறை வைத்துக்கொண்டோம். நீ, நான், அவர். குழாயை நீட்டி மோட்டாரை மாட்டினாய். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்தபோது நீ படிக்கவில்லை, என்னிடம் நீட்டினாய். "நீ படி." படித்தேன். காலைச் சூட்டைவிட ஒரு கோடுதான் மேலே.

பானை புதைத்த ஏழாம் நாள் மூடியைத் தூக்கியது நீ. உள்ளே டார்ச் அடித்தது நான். தண்டுகளின் அடியில் வெள்ளை நூல் மாதிரி வேர்கள் தொங்கின, அடர்த்தியாக, நுனியில் ஒவ்வொரு துளி தண்ணீரோடு. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். வலித்தது. விடச் சொல்லவில்லை. பின்னாலிருந்து கன்னியப்பன் "ஆங், இப்ப கீது" என்றார்.

ஜூன் ஒன்பதாம் தேதி சாயங்காலம் வரை அளந்தாய். நூலை வேரோடு வைத்து, நூலை ஸ்கேலில் வைத்து, சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மறுநாள் நீ நாக்பூர் ரயிலில் இருந்தாய். அதற்குப் பிறகு ஆகஸ்டு கடைசி வரை, ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் தனியாக அளந்து, எண்களை இன்லண்ட் லெட்டரில் நெருக்கி எழுதி உனக்கு அனுப்பினேன். நலமா என்று ஒரு வரி, மீதியெல்லாம் மில்லிமீட்டர். நீயும் அப்படித்தான் பதில் எழுதினாய். என் வேலை புதுப்பிக்கப்பட்டது. கன்னியப்பன் நிரந்தரமானார், அந்தச் செய்தியை மட்டும் உனக்குத் தனிக் கடிதமாக எழுதினேன்.

மறுவருஷம் ஆய்வேட்டோடு வந்தாய். நான் பக்கங்களைப் புரட்டினேன். நடுவில் ஓர் அட்டவணை: முதல் தொகுதி, பத்து மடங்கு செறிவு, வேர்கள் தோன்றி வளர்ச்சி நின்றது, அளவுகள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "இதை ஏன் போட்டே?"

"நடந்துச்சே."

"என்னாலேன்னு எழுதலையே."

"யார் ஊத்தினாங்கன்னு செடிக்கு எப்படித் தெரியும்?" என்றாய். வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் அந்த அட்டவணையைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார். நீ நின்று நிதானமாகப் பதில் சொன்னாய். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து என் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் பாதியில் நீ குரோம்பேட்டைக்கே திரும்பி வந்துவிட்டாய். மறுபடி செய்தித்தாளை விரித்தோம். பிள்ளைகளின் கல்யாணங்கள், என் வீட்டுக்காரரின் சாவு, உன் முழங்கால், எல்லாம் சேர்ந்தே வந்தன. அந்த ஆறு நாளைப் பற்றி நீ மறுபடி பேசியதே இல்லை. நான் இரண்டு தடவை ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் நீ "காப்பி போடட்டுமா?" என்றாய்.

போன ஐப்பசியில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வரவேற்பறையில் உன் மகன் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னான். கணையம். பரவிவிட்டது. மாதக்கணக்குதான். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் ஆண்ட்டி. அல்சர்னு சொல்லியிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லுங்க." அவன் கண்கள் வீங்கியிருந்தன. நான் தலையாட்டினேன். நீ தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை அவன்.

உள்ளே வந்தேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். திரும்பாமலே கேட்டாய்.

"அல்சருக்கு யாராவது இப்படி அழுவாங்களா கிரேஸ்? வெளியே என்ன சொன்னான்?"

கதவு வரை போய் அதைச் சாத்திவிட்டு வந்தேன். அந்த நான்கைந்து அடிக்குள் எவ்வளவோ ஓடியது மனசில். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்கு இன்னும் கொஞ்சம் தெம்பாக இருப்பாள் என்றும் ஓடியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். எல்லாவற்றையும், அவன் சொன்ன மாதக்கணக்கு உட்பட.

நீ சுவரை விட்டு என் பக்கம் திரும்பினாய். பிறகு, "சரி, எழுது" என்றாய். கைப்பையிலிருந்து பேனா எடுத்தேன். உன்னோடு பேசாமலிருந்த தங்கையைக் கூப்பிட வேண்டும். கடலை ஒருதடவை பார்க்க வேண்டும். இரண்டு சுற்றுக்கு மேல் மருந்து ஏற்ற வேண்டாம். இப்படி ஒன்பது சொன்னாய். ஏழு நடந்தது.

உன் மகன் என்னோடு பேசுவதில்லை. நீ போன செய்தியை எனக்குச் சொன்னது எதிர்வீட்டுப் பெண். நான் வந்து சேர்ந்தபோது உன்னை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். மயானத்திலிருந்து திரும்பி வந்தவன் வாசலில் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை: "உங்களால அம்மா அந்த நாலு மாசமும் பயந்துக்கிட்டே இருந்தாங்க ஆண்ட்டி."

அதைத்தான் இந்த நாற்பது நாளாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் பார்த்த நேரங்களில் நீ பயந்திருக்கவில்லை. பெசன்ட் நகர் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து சுண்டல் கேட்டாய். தங்கையின் மடியில் படுத்துத் தூங்கினாய். நான் பார்க்காத நேரங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. அவன் பார்த்திருப்பான். அவன் சொல்வது பொய்யாக இருக்காது.

இருந்தாலும் நீ மறுபடி அந்தக் கட்டிலிலிருந்து கேட்டால், கதவைச் சாத்திவிட்டு வந்து அன்றைக்கே சொல்வேன். அவன் சொன்னது காதில் கேட்கும். சொல்வேன்.